கணேசபாண்டியன் கொடுத்த பைகள்

தாராவி, மும்பை

அன்பு மகள் பரீஹாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகனும் நெதர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் இந்த ஒற்றை அறையில் வாப்பா காதில் விழும், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் பட்டறையின் ஆன்லைன் கடையை மூடிவிட்டார்கள். யார் மூடியது என்று கேட்காதே, ஆள் இல்லை, மெஷின். பெருநாள் நேரம் ஆர்டர் குவிந்தது, தோள்பை தீர்ந்துபோனது, வாப்பா வழக்கம்போல பக்கத்துப் பட்டறை கணேசபாண்டியனிடம் கைமாற்றாக வாங்கி நம் லேபிள் ஒட்டி அனுப்பினார். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நம் கல்லியில், இந்தச் சந்துக்குள், இப்படித்தானே, அவருக்குக் குறைந்தால் நாம் கொடுப்போம், நமக்குக் குறைந்தால் அவர் கொடுப்பார், தோலும் ஒன்று தையலும் ஒன்று. அவர் பையில் உள்துணி மட்டும் கொஞ்சம் கனம். பிவண்டியில் அந்த ஆன்லைன் கம்பெனி குடோனில் மெஷின் எடை போட்டு, படம் பிடித்துப் பார்த்து, போலிச் சரக்கு என்று முத்திரை குத்திவிட்டது. வாப்பா நேரில் போனார், கேட்டில் வாட்ச்மேனைத் தவிர பேச ஆளில்லை, அவன் ஆப்பில் கம்ப்ளெயின்ட் போடச் சொன்னான், போட்டால் அதற்கும் மெஷின்தான் பதில் சொல்கிறது. தையல்காரர்களை ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

போன வருஷம் நீ மேடையில் பேசிய வீடியோ அனுப்பினாயே, சரக்கைச் சரிபார்க்க இனி மனிதக் கண்ணே வேண்டாம், விற்கிறவரும் கம்பெனியும் மெஷினும் கைகோத்து வேலை செய்யும் காலம் இது என்று. வாப்பா அதைக் கல்லி முழுக்கக் காட்டி எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். இப்போது அதே ஆட்கள் இது உங்கள் மகள் செய்த மெஷினா என்று கேட்கிறார்கள். கணேசபாண்டியன் மட்டும் கேட்கவில்லை, தன்னால் வந்த வினை என்று முகம் கொடுக்காமல் போகிறார். கைகோத்திருந்தது நாங்கள்தான் பரீஹா. உன் படிப்பு அதைப் பிரித்துவிட்டது. 

வேளாவேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, அல்லாஹ் உனக்கு பரக்கத் தரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அது வேறு கம்பெனி மெஷின், என் மகள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று வாப்பா எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது உன்னிடமே கேட்பார். பிவண்டிக்குக் கொடுத்தது உன் மெஷின்தான் என்று நீ அன்றைக்கு என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதே. பொய் சொன்னதற்காக உன்னை அடித்து வளர்த்தவள்தான் கேட்கிறேன், இல்லை என்று சொல்லிவிடு.

உன் உம்மா
மர்யம்