தீபத்தன்று பிறந்தவள்

நாக்பூர்

பச்சையம்மாளுக்கு, கோதண்டராமன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

தீபத்தன்று மெஸ்ஸில் சமையல் முடிந்ததும், பேத்தி பெயரைச் சொல்லி எல்லாருக்கும் பொரி உருண்டை பிடித்துக் கொடுத்தேன். வெல்லப்பாகு பட்டு விரல் கொஞ்சம் கொப்பளித்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. மலையில் தீபம் ஏற்றும் நேரம் பார்த்து அபிநயாவைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னேன்.

"தாத்தா, என் பர்த்டே போன வாரமே முடிஞ்சுடுச்சு. நீதான் மறந்துட்ட" என்றாள்.

நானா மறந்தேன்? மலைமேல் தீபம் தெரிந்த நேரத்தில் பிறந்த குழந்தை அவள். தீபம்தான் அவளுக்குப் பிறந்தநாள் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நம் பையன் குமரேசனைக் கேட்டால், "ஸ்கூல்ல தேதிதான்பா கணக்கு. உங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வருவீங்கனுதான் சொல்லல" என்கிறான். சம்பந்தி வீட்டார், உன் தம்பி பிள்ளைகள் எல்லாரும் வந்து கேக் வெட்டினார்களாம். நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வீட்டில் என் பேச்சு இனி எடுபடாது என்று தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு வரமாட்டேன், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். தீபம்தான் அவள் பிறந்தநாள். அதில் மாற்றமில்லை.

என் பழைய கம்பளியைப் பார்சலில் அனுப்பு, இங்கே குளிர் ஜாஸ்தி. கேக்கை நான் தொடமாட்டேன், உனக்கே தெரியும். தாத்தாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கச் சொல்லி குழந்தை கேட்டாளா என்று மட்டும் எழுது.

உலை கொதிக்கிறது. நிறுத்துகிறேன்.

கோதண்டராமன்