குண்டு போடாத துப்பாக்கி

சேவூர், ஆரணி.
2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஆதீஷுக்கு,

இன்று எனக்கு எழுபத்தெட்டு ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள் ஆகிறது. வயதை இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம், கிழவிக்கு நினைவு தடுமாறிவிட்டது என்று நீயோ காவ்யாவோ பின்னால் சொல்லிக்கொள்ள இடம் இருக்கக் கூடாது என்பதுதான். இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, இடது முழங்கால் எதற்கும் அடங்கவில்லை, மற்றபடி ஜினதேவர் அருளால் இங்கே குறை ஒன்றுமில்லை. ஹூஸ்டனில் நீயும் காவ்யாவும் என் பேத்தி ஸ்ருதியும் அவ்வாறே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். மாடியில் குடியிருக்கும் நெசவுக்காரரிடம் காவ்யாவுக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறேன், கத்தரிப்பூ நிறம், பச்சைக் கரை, பிடிக்கவில்லை என்றாலும் ஒருமுறையாவது கட்டிக்கொண்டு படம் அனுப்பச் சொல். சென்ற ஞாயிறு தொலைபேசியில் நான் சடையப்பன் வீட்டுச் செய்தியைச் சொல்லத் தொடங்கியபோது நீ இடைமறித்து, நீயும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருப்பதாகச் சொன்னாய். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன். மேலே பேசினால் மறுபடியும் இடைமறித்திருப்பாய். காகிதத்தை யாரும் இடைமறிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன், கடைசி வரி வரை படி, படித்தபின் என்ன செய்வதென்று நீயே முடிவு செய்.

சந்தவாசலில் நம் நிலத்தை ஒட்டிப் பயிர் செய்கிற சடையப்பன்தான் இப்போது நம் நிலத்தையும் பார்த்துக்கொள்கிறார். மலையடிவாரத்துக் காட்டுப்பன்றிகளிடமிருந்து வேர்க்கடலையைக் காப்பாற்ற உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. தேர்தல் அறிவித்தால் அப்படிப்பட்ட துப்பாக்கிகளை எல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிவு வந்தபின் திரும்பப் பெற வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இந்த மாதம் பத்தாம் தேதி அதைத் திரும்ப வாங்கி வந்தவர், அன்றே வெடிமருந்து போட்டு இறுக்கி வைத்துவிட்டார். பதினான்காம் தேதி காலையில் அவர் மொபெட்டை ஓட்ட, மருமகன் ரஞ்சித்குமார் பின்னால் அமர்ந்து, துப்பாக்கியின் கட்டையைக் கால்களுக்கிடையே ஊன்றி, குழாய் வாயின்மேல் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டு போயிருக்கிறான், ஊன்றுகோலைப் பிடிப்பது போல. வாய்க்கால் மேட்டில் வண்டி குதித்தது. தட்டி வெடிக்க வைக்கும் சுத்தி எதிலோ மாட்டி விடுபட்டது. உள்ளங்கையின் நடுவே ஓட்டை விழுந்து, இரண்டு விரல்களை வேலூரில் எடுத்துவிட்டார்கள். கண்ணமங்கலத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவன் அவன். திருகாணியைப் பிடிக்கிற இரண்டு விரல்கள்தான் போயின.

நான் பேருந்தில் வேலூருக்குப் போய்ப் பார்த்தேன். சடையப்பன் மனைவி செல்லம்மாள் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு புருஷனை வார்த்தையால் வறுத்துக்கொண்டிருந்தாள். பன்றிக்கு வைத்த வெடியை மருமகனுக்கு விட்டுவிட்டார் என்றாள், பன்றிகள் எல்லாம் நிம்மதியாகக் கடலையைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கின்றன என்றாள். அந்தப் பையன்தான் அவளை அடக்கினான். “பேஜார் பண்ணாதீங்க அத்தே. பன்னி ஓடிப்போனாலும் திரும்பி வரும். என் வெரலு வராது. அவ்ளோதான் வித்தியாசம்” என்றான். வார்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். சடையப்பன் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், யாரோ கேள்வி கேட்டது போல, தாமாகவே சொன்னார்: “உள்ள குண்டே கெடையாதும்மா. வெறும் மருந்துதான். உங்க வூட்ல எப்படிச் சொல்லிக் குடுத்தாங்களோ, அப்படியேதான் இன்னிக்கு வரைக்கும் பண்ணிகினு வரேன்.” அழுகை வரும் என்று சிறிது நேரம் காத்திருந்தேன், வரவில்லை. யாரோ காகிதக் குவளையில் தேநீர் கொண்டு வந்து கொடுத்தார்கள், குடித்தேன், சர்க்கரை அதிகம், நான்கு மணிப் பேருந்தைப் பிடித்து வந்துவிட்டேன்.

அவர் சொன்னது உண்மை. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தது நம் வீடு. உன் தாத்தா உரிமம் வாங்கியபோதே, சமண வீட்டில் துப்பாக்கி எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள்; எந்த உயிரையும் எடுக்க அல்ல, ஓசைக்கு மட்டும் என்று அவர் பதில் சொன்னார். சொன்னபடியே நடந்தும் கொண்டார். குழாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரும் பழந்துணியும் மேலே திணித்து, கம்பியால் இடித்து இறுக்கி, ஈயக் குண்டை மட்டும் போடாமல் விட்டுவிடுவார். அவருக்குப் பின் உரிமம் உன் அப்பா பேருக்கு மாறியது, வழக்கம் மாறவில்லை. பன்றி ஓடும், ஒரு புழுவும் சாகாது. குண்டு இல்லை என்பதால் அதை வீட்டில் ஒருவரும் ஆயுதமாகவே எண்ணவில்லை. மருந்து இறுக்கியபடி, தீப்பற்றும் கேப்பும் வைத்தபடி, கதவுக்குப் பின்னால் குடையோடு குடையாகத் தொங்கும். குழந்தைகள் அதை உரசிக்கொண்டு ஓடுவீர்கள். வேறு வீடுகளில் குண்டு போட்டு வைத்திருந்தவர்கள் அதை எட்டாத உயரத்தில் வைத்தார்கள், பிள்ளைகள் கிட்டே போனால் அடித்தார்கள். நாம் அகிம்சையைக் கடைப்பிடிக்கிறவர்கள், ஆகவே நம் துப்பாக்கியும் அதைக் கடைப்பிடிக்கும் என்று நம்பினோம். முப்பத்து நான்கு ஆண்டு கல்லூரியில் பௌதிகம் கற்பித்த நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். மருந்து எரிந்தால் ஆவியாகிறது, ஆவி வெளியேறக் குழாய் ஒன்றே வழி, வழியில் நிற்பது ஈயமா நாரா என்று அது விசாரிப்பதில்லை. இருபது அடி தள்ளி நார் உதிர்ந்து போகும். ஒரு சாண் தூரத்தில் அதுவே உளி. இதைக் கரும்பலகையில் எழுதச் சொல்லியிருந்தால் பிழையில்லாமல் எழுதியிருப்பேன்.

உன் அக்கா பிரமிளாவைப் பற்றி நாம் பேசுவதில்லை. இப்போது எழுத வேண்டியிருக்கிறது. 1984 டிசம்பரில் தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்தது. நீ பள்ளிக்குப் போயிருந்தாய், உனக்கு ஏழு வயது. அவளுக்குப் பதினொன்று, லேசான காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாள். காவல் நிலையக் குறிப்பில் எழுதியிருப்பது இது: காலை பதினோரு மணியளவில் மல்லிநாதன் என்பவர் தமது துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்காகத் துணியில் சுற்றும்போது அது தவறுதலாக வெடித்து, எதிரில் நின்ற மகள் கழுத்தில் காயம்பட்டு அங்கேயே இறந்தாள். உன் அப்பாவும் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் வழக்கு நடந்தது, தண்டனை என்று ஒரு நாள் நீதிமன்றம் கலையும் வரை கூண்டோரம் உட்கார வைத்து அனுப்பினார்கள், உரிமம் ரத்தானது. பள்ளியில் இருந்து திரும்பிய நீ திண்டிவனத்துப் பெரியப்பா சொல்லக் கேட்டுக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. என்னிடம் பேசும்போது ‘அவர்’ என்றாய். அவர் வாங்கி வந்த பலகாரத்தை நான் கொடுத்தால் தின்றாய், அவர் நீட்டினால் வேண்டாம் என்றாய். 2011இல் அவர் இறந்தபோது வந்தாய், செய்ய வேண்டியதைச் செய்தாய், மூன்றாம் நாள் விமானம் ஏறினாய். நான் அதைக் குறையாக எழுதவில்லை; நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

இப்போது நீ தொலைபேசியில் சொன்னதற்கு வருகிறேன். “நான் அவர் மாதிரி இல்லம்மா. எட்டு மணி நேரம் கிளாஸ் போய் சர்டிஃபிகேட் வாங்கியிருக்கேன். மேகசினைக் கழட்டிட்டுத்தான் கட்டில் பக்கத்து டிராயர்ல வெச்சிருக்கேன், இப்ப அது வெறும் இரும்பு” என்றாய். மருத்துவமனை வராந்தாவில் சடையப்பன் சொன்னதும் இதுதான், ஆங்கிலம் கலக்காமல் சொன்னார். நீ படித்த ஊரில் நான் படிக்கவில்லை என்றாலும், கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் தெருவில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் கந்தசாமி இருக்கிறார். தோட்டாக்கள் உள்ள பெட்டியைக் கழற்றிய பிறகும் குழாயின் அடியில் ஒரு தோட்டா தங்கியிருக்கக் கூடும், அந்த ஒன்றுதான் வீட்டுக்காரனையும் அவன் பிள்ளையையும் கொல்கிறது என்று அவர் சொன்னார். பட்டாளத்தில் பக்கத்தில் நிற்பவன் காலி என்று சொல்லிக் கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டு, திறந்து கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவியும் பார்ப்பார்களாம். பார்த்து முடித்த பின்னும் அதை ஆள் இருக்கும் திசையில் திருப்ப மாட்டார்களாம். சுடுவதென்று முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே. “காலித் துப்பாக்கின்னு ஒண்ணு கெடையாதுங்கம்மா, நாம பாக்காத துப்பாக்கிதான் இருக்குது” என்றார். இவ்வளவும் உன் வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நீ நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பாய். அந்த டிராயருக்குப் பூட்டு உண்டா என்று கேட்டேன், நீ சிரித்தாய். ஸ்ருதிக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியாது என்றாய். அவளுக்கு வயது பதினொன்று. அந்த வயதுப் பெண்ணுக்கு வீட்டில் தெரியாத டிராயர் கிடையாது.

ஆகையால் நான் கேட்பது இது. கொடுத்துவிட முடிந்தால் கொடுத்துவிடு. திருடன் பயம் என்றால் கதவை மாற்று, விளக்கைப் போடு. முடியாதென்றால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன் எழுந்து போய், ஸ்ருதி வீட்டில் இல்லாத நேரத்தில், அதைத் திறந்து பார்த்துக் காலி செய்து இரும்புப் பெட்டியில் பூட்டு. தோட்டாவை வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டில் வை, இரண்டு சாவியும் உன் உடம்பில் இருக்கட்டும். அதைத் துடைக்கும் நாளில் அறையில் உன்னைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. ஸ்ருதி விளையாடப் போகும் வீடுகளில் துப்பாக்கி உண்டா, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வாய் விட்டுக் கேள், மரியாதை கெட்டால் கெடட்டும். அவளிடமும் மறைக்காதே, எங்கே கண்டாலும் தொடாமல் விலகி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று சொல்லி வை, தோழி கேலி செய்தாலும். நீ கவனமானவன் என்பது எனக்குத் தெரியும். கவனமில்லாதவன் கையில்தான் இது நடக்கும் என்று ஏழு வயதிலிருந்து நீ நம்பி வருகிறாய். அந்த நம்பிக்கையில்தான் பூட்டு வாங்காமல் இருக்கிறாய். அதை உனக்குக் கொடுத்தவர்கள் நாங்கள், எடுத்துவிட வேண்டியது என் பொறுப்பு.

நீயும் உன் குடும்பமும் நோயில்லாமல், நெடுநாள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். பூட்டு மாட்டிய நாளன்று ஒரு வரி எழுது, தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பிரமிளா போன அன்று உன் அப்பா துப்பாக்கியின் பக்கத்தில் இல்லை. குளித்துவிட்டுப் புறப்படக் கிணற்றடிக்குப் போயிருந்தார். அதைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்தவள் நான். அரசாங்க இடத்துக்குப் போகிற பொருள் அழுக்காகப் போகக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சுத்திக்கு அடியில் துருவைத் துடைக்க அதைக் கட்டைவிரலால் மேலே தூக்கினேன், சுற்றும் துணி நழுவாமல் இருக்க குழாய் முனையைப் பிடித்துக்கொள் என்று பிரமிளாவைக் கூப்பிட்டேன், அவள் வந்து பிடித்துக்கொண்டாள், என் விரல் வழுக்கியது. ஈரக் காலோடு ஓடி வந்தவர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். “ஆதீஷ் யார் பக்கத்துலயாவது படுத்துத் தூங்கணும். அது நீயா இருந்துடு” என்றார். வாய்மை விரதம் எடுத்திருந்த மனிதர், காவலர் முன்னால் சொன்னது ஒன்றுதான் அவர் வாழ்நாளில் சொன்ன பொய். அதை நான் நாற்பது ஆண்டுகளாகத் திருத்தவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகவதி மல்லிநாதன்