முழு டாங்க்

மச்சான்,

இதை எழுதும்போது என் விரல்களில் டீசலும் சந்தனமும் சேர்ந்து மணக்கின்றன. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உன்மேலும் இந்த வாசனைதான் அடிக்கும். வெள்ளிக்கிழமையானால் நீ பாதி மாப்பிள்ளை, பாதி மெக்கானிக்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் லாரி காயலான் கடைக்குப் போகவில்லை.

நீ போனதும் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். லாரிதான் உன்னை விழுங்கியதாம், ராசி கெட்ட வண்டியாம். உன்னைக் கொன்றது மஞ்சள் காமாலை. மழைக்காலம் முழுக்க நம் காலனிக் குழாயில் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. நம் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். நீ மட்டும் எழவில்லை. அந்தக் குழாயை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. குழாயைக் குற்றம் சொன்னால் யாரிடமாவது போய் நின்று கேட்க வேண்டும். லாரியைக் குற்றம் சொல்ல வாய் இருந்தால் போதும். துக்கத்துக்கு வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். "ஐ.டி.ஐ. படிச்ச திமிரு" என்று உன் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வண்டியும் அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டது. சோரியாங்குப்பம் சூளையில் செங்கல் ஏற்றினால் பாகூர் தாண்டும்வரை ஒழுங்காக ஓடும். கரிக்கலாம்பாக்கம் நெருங்கும்போது இழுவை குறையும், இரண்டு தரம் விக்கும், உயிரை விட்டுவிடும். நீ இருந்தபோதும் அதே கதைதான். ஓரம் கட்டுவோம். நீ இறங்கி டாங்க் மூடியைத் திறந்து, டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்ப்பாய். நான் ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து டீசல் குழாயில் புகுந்த ஏரை எடுப்பேன். சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும்.

"கையில வித்த வெச்சிக்கிறடா நீ" என்பாய். நானும் நம்பினேன்.

ஃபில்டரை மாற்றினோம். ரப்பர் டியூப்களை மாற்றினோம். டாங்கைக் கழற்றிக் கழுவினோம். வில்லியனூர் மெக்கானிக் பம்பையே பிரிக்க வேண்டும் என்றார். ஒன்றும் பலிக்கவில்லை. இதில் ஒரு விசித்திரம் வேறு. டாங்கில் கொஞ்சமாக டீசல் இருந்தால் வில்லியனூர்வரைகூட ஓடிவிடும். நிரப்பிய அன்றுதான் சீக்கிரம் நிற்கும். அதைச் சூளை முதலாளியிடம் நாமே உளறினோம். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கல் அடுக்குகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உங்கள மாதிரியேதான்டா உங்க வண்டியும். வவுறு நெறஞ்சா ஒத்துக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். நீ பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "எங்க வவுத்த நாங்க பாத்துக்கறோம் மொதலாளி. நீங்க கல்ல எண்ணுங்க."

அன்றிலிருந்து நீ டாங்கை நிரப்பாமல் வண்டியை எடுத்ததில்லை. நிற்கும் என்று தெரிந்தும் நிரப்பினாய். வண்டி வாங்கிய நாளிலிருந்தே உனக்கு இன்னொரு பழக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் உன் அம்மாவைக் கூப்பிட்டு, டீசல் மூடியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைக்கச் சொல்வாய். ஊரில் எல்லோரும் கண்ணாடியிலும் பம்பரிலும் வைப்பார்கள், நீ மட்டும் ஏன் மூடியில் வைக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாம பட்டினியா கெடந்தப்ப எவன் கண்ணாவது பட்டுச்சா? டாங்க ரொப்பனதும் எல்லாக் கண்ணும் இங்கதான் மேயிது. வண்டிக்கு வவுறு இதான்டா."

சாமியும் இல்லை, பூதமும் இல்லை என்று நான் ஆரம்பித்தேன். "உனுக்கு நம்பிக்க இல்லன்னா வுடு. சந்தனம் இன்னா உங்கப்பன் சொத்தா?" என்றாய்.

நீ போன பிறகும் உன் அம்மா வெள்ளிக்கிழமையை விடவில்லை. சந்தனம் இன்னும் கனமானது. "அவனத்தான் எடுத்துகிச்சி. உன்னையாவது வுட்டு வெக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே அப்புவார். வண்டி இன்னும் சீக்கிரம் நிற்க ஆரம்பித்தது; நான் தனியாக எவ்வளவு பம்பை அடித்தாலும், வெகுநேரம் ஆறப்போட்ட பிறகுதான் கிளம்பியது.

போன வாரம் உன் மாமா காயலான் கடைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். மாட்டுச் சந்தையில்கூட அப்படி உதைக்க மாட்டார்கள். வண்டியில் உன் பங்குக்கு உன் அம்மாவின் சொல்தான் முடிவு.

"எடுத்துகினு போவட்டும்" என்றார் உன் அம்மா.

"இன்னும் ஒரு நட ஓட்டறேன்மா. நின்னுச்சின்னா நானே கட்டி இழுத்துகினு வந்து தர்றேன்" என்றேன். வீம்புதான். கையில் வேறு எதுவும் இல்லை. நம் காலனியில் மற்றவர்கள் எல்லாம் அடுத்தவன் வண்டியில் லோடு ஏற்றி இறக்கிக் கூலிதான் வாங்கியிருக்கிறார்கள். லாரி வாங்கியது நாம் இரண்டு பேர்தான். அது எடைக்குப் போனால் சூளை நாற்காலியில் யார் சாய்ந்து சிரிப்பார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் உன் வழக்கப்படியே டாங்கை நிரப்பினேன். கல் ஏற்றினேன். கரிக்கலாம்பாக்கத்துக்கு முன்னால், அதே இடத்தில், விக்கி நின்றது. பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்தார்கள்.

"இன்னாபா, மறுபடி சாமி வந்துடுச்சா?"

"ஆமா. எறங்கு, குறி சொல்லும்" என்றேன். போய்விட்டார்கள்.

எப்போதும் நான் நேராக ஃபில்டருக்குப் போவேன். குச்சி விடுவது உன் வேலை. நீ போன பிறகு குச்சி விட ஆளில்லை. அன்று உன் வேலையையும் நானே செய்யலாம் என்று முதலில் டாங்குக்குப் போனேன். மூடி இறுகிக் கிடந்தது. சந்தனம் மேலே பாளம் பாளமாகக் காய்ந்திருந்தது. பலம் கொண்ட மட்டும் திருகினேன். திறந்ததும் உஸ்ஸென்று டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. தண்ணீருக்குள் மூச்சடக்கியவன் தலையைத் தூக்கினால் இழுப்பான் அல்லவா, அப்படி.

நான் அப்படியே நின்றேன். பிறகு ஸ்குரூவைத் தொடவில்லை, பம்பை அடிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கொஞ்சம் திணறிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

என் வித்தை அல்ல மச்சான். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கிளப்பியது நீ. குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்தாயே, அதுதான் வேலை செய்தது. நான் ஓரமாக உட்கார்ந்து கைப்பம்பை அடித்துப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூடியை இறுக்காமல், மேலே துணி சுற்றி வில்லியனூர் போனேன். கல்லை இறக்கினேன். திரும்பி வந்தேன். எங்கும் நிற்கவில்லை.

வீட்டு வாசலில் உன் அம்மாவும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். மூடியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இதுல சின்னதா ஒரு ஓட்ட இருக்கணும்மா. டீசல் கொறய கொறய அந்த வழியா காத்து உள்ள போவணும். சந்தனம் அத அடச்சிடுச்சி. காத்து போவலன்னா டாங்க் டீசல இழுத்துப் புடிச்சிக்கும், எஞ்சினுக்கு வுடாது. டாங்க் ரொம்பியிருந்தா உள்ள காத்துக்கு எடமே கெடையாது. அதான் ஃபுல்லா போட்டா சீக்கிரம் நின்னுச்சி."

"அப்ப எல்லாம் உன் சந்தனம் பண்ண வேலதானா?" என்று மாமா உன் அம்மாவைப் பார்த்தார். அந்த ஆளை அந்த நிமிடம் அடித்திருப்பேன்.

உன் அம்மா மூடியை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்: "எம் புள்ள செத்ததுக்கும் இதுக்கும் எதுனா இருக்குதா?"

"இல்லம்மா. அது தண்ணி."

"நெசமா?"

"நெசமா."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார். சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையைத் தேடி, தானே குத்தி எடுத்தார். வாயை வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது. "வண்டிக்கு இன்னா கோளாறுன்னு கண்டுபுட்ச்ச. அந்தத் தண்ணிக்கு யாரக் கேக்கணும், அதச் சொல்லு" என்றார்.

சொன்னேன். மாமா எழுந்து போய்விட்டார்.

நாளைக் காலை வண்டியில் செங்கல் இல்லை. நம் தெருப் பெண்கள் ஏறுகிறார்கள், ஆளுக்கு ஒரு குடம் குழாய்த் தண்ணீரோடு. பாகூரில் குழாய்த் தண்ணீர் விடுகிற அலுவலகத்து மேசையில் வைத்து, ஒரு டம்ளர் குடித்துக் காட்டுங்கள் என்று கேட்கப் போகிறோம். லாரியில் ஆள் ஏற்றினால் கேஸ் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்தினார். "போடட்டும். எதுக்கு வந்தோம்னு அதுல எழுதணும் இல்ல?" என்றார் உன் அம்மா.

இன்று சாயங்காலம் அவர் புதிதாகச் சந்தனம் அரைத்தார். கண்ணாடியில், நீ உட்காரும் பக்கத்துக்கு நேராக வைத்தார். நான் டீசல் மூடியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்த ஊக்கு இப்போது என் சாவிக் கொத்தில் இருக்கிறது. வண்டி எடுக்கும் முன் ஒரு தரம் குத்திப் பார்க்கிறேன். எங்கே எது நின்றாலும் முதலில் மூடியைத் திறக்கிறேன், நீ செய்தபடி.

பிறகு டீசல் போடப் போனேன். பங்க்கில் சூளை முதலாளியின் கார் முன்னால் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, "இன்னாடா, எவ்ளோ போடற?" என்று கேட்டார்.

"ஃபுல்" என்றேன்.