ஸ்பீக்கரில சொல்லக்கூடாத கதை

சான்ட்ரிங்ஹாம், ஓக்லண்ட், நியூசிலாந்து
மார்ச் 10, 2024

என்ர அன்பான அக்கா,

நேற்றுத்தானே போனில கதைச்சம், இண்டைக்கு என்ன கடிதம் எண்டு நினைப்பியள். வேற வழியில்லை. அத்தானுக்குக் காது மந்தம், உங்கட வீட்டுப் போன் எப்பவும் ஸ்பீக்கரில. நான் இஞ்ச இருமினால் இணுவிலில பக்கத்து வீட்டுக்காரர் கைமருந்து சொல்லுறார்.

அபர்ணா நேற்று வேலையால வந்து அறைக்கதவைப் பூட்டிப்போட்டு அழுதாள். படிக்கவெண்டு நீங்கள் என்னட்ட அனுப்பின நாளிலயிருந்து அவள் அழுது நான் கண்டது குறைவு. செப்டெம்பரில இஞ்ச நடக்கப்போற தன்ர கலியாணத்தில கன்னிகாதானத்துக்கு அம்மா மேடைக்கு வரமாட்டாவாம், தாரை வாக்கப்போறது தவமலர் மாமியாம். அத்தானின்ர தங்கச்சி நல்ல மனுசிதான், ஆனா பெத்தது நீங்களெல்லோ? "அம்மா வராட்டி மேடையும் வேண்டாம், ஐயரும் வேண்டாம், நானும் ரஜிதனும் கையெழுத்து வைச்சிட்டு வாறம்" எண்டு நிக்கிறாள்.

காரணம் எனக்குத் தெரியும். பாரத் தோடு போட்டுப் போட்டுத் துளை அறுந்த உங்கட கிழிஞ்ச காது.

கோவிக்காதேங்கோ அக்கா, அதைத் தைக்கலாம். நான் வேலை செய்யிற இடத்தில அது பல்லுப் பிடுங்கிறதை விட லேசு. ஊரில நீங்கள் அதைத் 'தோல் ஆஸ்பத்திரி' எண்டு சொல்லி வைச்சிருக்கிறியள். அது அழகுச் சிகிச்சைக் கிளினிக், நான் அதில நேர்ஸ். எங்களிட்ட வாறவையில பெரிய பங்கு கொலம்பியா, சிலி, பிரேசில் பக்கத்துச் சனம். போன கிழமை இஞ்ச பக்கத்து ஊர் ரானுயியில இருந்து யோலிமா எண்டொரு கொலம்பியாக்காரி மூக்குத் திருத்தக் கேட்டு வந்தாள். தாய், பெரியம்மா, தங்கச்சி, புருஷன் எல்லாரும் கூட, பொம்பிளை பாக்க வந்த மாதிரி. டொக்டர் கொம்பியூட்டரில புது மூக்கைக் காட்ட, "இன்னும் கொஞ்சம் நிமித்துங்கோ" எண்டு தாய்க்காரி சொல்லுறா! எங்கட சனமும் வரும்தான். மாஸ்க்கும் தொப்பியும் போட்டுக்கொண்டு, "பேரைச் சத்தமாக் கூப்பிடாதேங்கோ" எண்டு.

யோசிச்சு எழுதுங்கோ. போனில வேண்டாம்.

உங்கட வித்தியா


இணுவில்
ஏப்ரல் 2, 2024

என்ர தங்கச்சி வித்தியாவுக்கு,

போஸ்ட்மன் உன்ர கடிதத்தைத் தர, "ஆர் செத்தது?" எண்டு உன்ர அத்தான் கேட்டார். இந்தக் காலத்தில ஆரடி கடிதம் போடுறது! உன்ர பழைய பள்ளிக்கூடப் பத்திரம் எண்டு புளுகி வைச்சிருக்கிறன்.

அபர்ணா அழுதாள் எண்டதை வாசிச்சு நானும் குசினிக்குள்ள போய் அழுதன். ஆனா ஒண்டு கேக்கிறன். திருநாவுக்கரசு மாமாவின்ர மகளின்ர கலியாணத்தில நடந்ததை மறந்திட்டியோ? சூப்பர் குளூ போட்டுத் தோட்டை ஒட்டிக்கொண்டு போனன். பந்தியில அது கழண்டு பக்கத்து மனுசன்ர பாயாசத்துக்குள்ள விழ, அந்தாள் கடிச்சுப்போட்டு, தன்ர பல்லு உடைஞ்சுபோச்செண்டு எழும்பிக் கத்தினாரே. இண்டைக்கும் ஆரும் பாயாசம் வைச்சால் என்னைப் பாத்துத்தான் சிரிக்குதுகள். அப்பிடியிருக்க, என்ர பிள்ளையின்ர கலியாண வீடியோவில நான் மூளிக்காதோட நிக்கிறதோ? ஐயரைக் கேட்டன், சுமங்கலி ஆரும் வாக்கலாமாம்.

தைக்கிற கதையை விடு. அம்பத்தெட்டு வயசில அழகு பாக்கப் போனாள் எண்டு சொல்லுவினம். ஊர்வாயை மூட உலைமூடி இருக்கோ? அந்தக் கொலம்பியாக்காரிக்கு வெக்கமில்லையெண்டால் அது அவளின்ர பாடு.

நேரத்துக்குச் சாப்பிடு. படத்தில கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கு.

அன்புடன்
அக்கா புஷ்பவதி


சான்ட்ரிங்ஹாம்
ஏப்ரல் 28, 2024

அருமை அக்கா,

நீங்கள் எழுதினதை யோலிமாவிட்டயே கேட்டன். "உனக்கு வெக்கமில்லையோ?" எண்டு. அவளுக்குக் கேள்வியே விளங்கேல்லை. "என்ர அம்மா மற்றவையின்ர உடுப்புத் தோய்ச்சு எங்களை வளர்த்தவ. அப்பவும் உதட்டுக்குச் சாயம் பூசாமல் வாசல் தாண்டமாட்டா. இப்ப நான் ஒஃபிஸ் கூட்டித் துடைச்சு உழைக்கிறன். என்ர மூக்கு, என்ர உழைப்பு. ஏன் ஒளிக்கவேணும்?" எண்டாள். மூக்குக்கு ஓகஸ்டில நாள் வைச்சாச்சு. அதை அவள் சொந்தக்காரர் எல்லாருக்கும் கலியாண நாள் மாதிரி அறிவிச்சும் போட்டாள்.

எல்லாம் நல்லதெண்டு நான் சொல்லமாட்டன். மலிவெண்டு கண்ட இடத்துக்கும் போய்ப் பழுதாக்கிக்கொண்டு வாறவையும் இருக்கினம். வந்து கேக்கிறதில பாதிக்கு எங்கட டொக்டர் "வேண்டாம்" எண்டுதான் சொல்லுறவ. உங்கட காதின்ர படத்தைக் காட்டினன், உடன "ஓம், கொண்டு வா" எண்டா.

கலியாணத்துக்கு மூண்டு நாலு மாதம் முன்னம் வந்தியள் எண்டால் தைச்சு, ஆறி, புதுசாக் குத்தித் தோடும் போடலாம். பிந்தினால் கலியாணத்தண்டு தோடு போடேலாது. உடன விசாவுக்குப் போடுங்கோ, என்ர குஞ்செல்லோ.

வித்தியா


இணுவில்
ஓகஸ்ட் 5, 2024

வித்தியா,

விசா இப்பத்தான் வந்தது. கலியாணத்துக்கு ரெண்டு கிழமை முன்னம்தான் வந்து சேருவம். இனித் தைச்சாலும் தோடு போடேலாது எண்டு நீயே எழுதியிருக்கிறாய். அதோட கதை முடிஞ்சுது. என்ர காதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது, கண்டியோ. தலைமயிரை இறக்கி மூடிக்கொண்டு பின்வரிசையில இருந்து பாப்பன். அபர்ணாவையும் கெஞ்சிச் சம்மதிக்க வைச்சாச்சு, தாரை வாக்கத் தவமலர் மச்சாள் செம்பும் வாங்கிப்போட்டா.

தட்டைவடை சுட்டு வைச்சிருக்கிறன். எயார்ப்போட்டில பிடிச்சால் நீதான் வந்து கதைக்கவேணும்.

அக்கா


சான்ட்ரிங்ஹாம்
ஒக்டோபர் 13, 2024

என்ர ராசாத்தி அக்கா,

நீங்கள் போனபிறகு வீடு விறைச்சுப்போய்க் கிடக்கு. கலியாணப் படங்கள் இதோட வருது. போனில சொன்னால் நான் அழுதுபோடுவன், அதால எழுதுறன்.

நாங்கள் மரக்கறி வாங்கப் போன அந்தக் கடையை நினைச்சு இப்பவும் தனியச் சிரிக்கிறன். யோலிமா மரவள்ளிக்கிழங்கை முறிச்சுப் பாத்துத் தெரிஞ்சுகொண்டு நிண்டாள். மூக்கில பெரிய பிளாஸ்டர், கண்ணைச் சுத்தி நீலம். "ஐயோ பாவம், புருஷன் அடிச்சவனோ?" எண்டு நீங்கள் என்ர கையை இறுக்கிப் பிடிச்சியள். நான் அதைச் சொல்ல, அவள் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சு, போனில பழைய மூக்கை உங்களுக்குக் காட்டி, கடைக்காரருக்குக் காட்டி, வெண்டிக்காய் வாங்க வந்த ஆளையும் விடேல்லை. வீடு வந்து, வாசலில செருப்பைக் கழட்டேக்க, "நாளைக்கே தைக்கச் சொல்லு" எண்டியள். கலியாணம் முடியட்டும் எண்டு நான் சொல்ல, "கிழிஞ்ச காதை மூடிக்கொண்டு பின்னுக்கு இருக்கிறதிலும் பாக்க, தைச்ச காதோட மேடையில நிப்பன்" எண்டியளே! அப்பவே டொக்டரிட்ட நாள் கேட்டு, அந்தக் கிழமையே தைப்பிச்சம்.

நீங்கள் காணாததைச் சொல்லுறன். ஐயர் கூப்பிட, மச்சாள் செம்போட எழும்பிட்டா. நீங்கள் கொண்டையை உயத்திக் கட்டி, ரெண்டு காதிலயும் வெள்ளைப் பிளாஸ்டரோட மேடை ஏறி, "தாங்கோ மச்சாள், என்ர பிள்ளைக்கு நான் வாக்கிறன்" எண்டு கையை நீட்டினியள். உங்கட கண் முழுக்கச் செம்பால ஊத்திற தண்ணியிலதான் இருந்தது. அபர்ணா உங்களையே பாத்துக்கொண்டு நிண்டாள். ரெண்டாவது படத்தில பாருங்கோ, மாப்பிளையைக்கூட அவள் அப்பிடிப் பாக்கேல்லை.

பிறகு சாப்பாட்டில ஆரோ "காதில என்ன காயம்?" எண்டு கேக்க, "காயமில்லை, தைச்சிருக்கிறன்! என்ர தங்கச்சி வேலை செய்யிற இடத்திலதான்!" எண்டு மண்டபம் கேக்கச் சொன்னியள். அக்கா, இத்தனை வருசமும் என்ன வேலை எண்டு கேட்டால் நானும் மழுப்பினவள்தான். அண்டைக்கு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன்.

அதுக்குப் பிறகு எங்கட பொம்பிளையள் நாலைஞ்சு பேர் காதைக் காட்ட வந்திட்டினம். ஒருத்தரும் மாஸ்க் போடேல்லை.

உங்கட வித்தியா


இணுவில்
ஜனவரி 16, 2025

என்ர செல்லத் தங்கச்சி,

டொக்டர் சொன்ன மாதிரி காது ஆறவிட்டு, நகை செய்யிற பத்தரைக் கூப்பிட்டுத் தழும்புக்குப் பக்கத்தில குத்துவிச்சன். பொங்கலண்டு தோடு போட்டாச்சு. பாரமில்லாத சின்னத் தோடு, பயப்பிடாதை. கோயிலில எல்லாருக்கும் அங்கால இஞ்சால திரும்பித் திரும்பிக் காட்டினன். "கழுத்துச் சுளுக்கப்போகுது" எண்டு உன்ர அத்தான் சொல்லுறார், அவருக்கும் பெருமைதான். தங்கச்சி என்ன வேலை எண்டு கேட்டவைக்கு, "ஓக்லண்டில அழகுச் சிகிச்சை நேர்ஸ்" எண்டு அடிச்சுச் சொன்னன். ஒருத்தி முகத்தைச் சுழிச்சாள். சுழிக்கட்டும், எனக்கென்ன. யோலிமாவைக் கண்டால் நான் கேட்டதெண்டு சொல்லு. மூக்கு வீக்கம் வத்தினபிறகு எடுத்த படம் ஒண்டு வேணும்.

நேற்றுத் தவமலர் மச்சாள் பின்பக்கத்தால வந்து, கண்ணுக்குக் கீழ தொங்கிற பைக்கு ஏதும் செய்யலாமோ எண்டு உன்னட்டக் கேக்கச் சொன்னா. போனில வேண்டாமாம், கடிதத்திலதானாம். அது அவவின்ர விருப்பம், எழுதியாச்சு. மறுமொழியையும் அவவின்ர விலாசத்துக்கே போடு.

எனக்கு இனிக் கடிதம் வேண்டாமடி. ஞாயிற்றுக்கிழமை போன் எடு. என்ர காதுக்கதையை முதலில இருந்து நீயே எல்லாருக்கும் சொல்லு. ஸ்பீக்கரில போட்டு வைக்கிறன், பக்கத்து வீட்டுக்காரரையும் வந்து இருக்கச் சொல்லியாச்சு.

அக்கா புஷ்பவதி