பப் வாசலில் கழற்றிய சப்பாத்து

அன்பானவளுக்கு,

விசாவைப் பற்றி இப்போது கேட்காதே. நல்ல செய்தி ஒன்று சொல்கிறேன். மெல்போர்னுக்கு வெளியே ஒரு கிராமத்தில் நாங்கள் திருத்திக் கொடுத்த, நூற்றைம்பது வருடப் பழைய பப்பை நேற்றுத் திறந்தார்கள். அதன் பழைய மரத்தரையை இழைத்து மெருகேற்றியது நான். என்ன மாதிரி மின்னியது தெரியுமா! என்னையறியாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

"அண்ணை, இது கோயில் இல்லை, பப்!" என்று கூட வேலை செய்யும் யதுஷன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பப்பின் முதலாளியம்மா சிரிக்கவில்லை. தன்னுடைய சப்பாத்தையும் கழற்றி என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். வெறுங்காலோடு உள்ளே நடந்தோம்.

"மனைவிக்கு எப்போது காட்டப்போகிறாய்?" என்று கேட்டார். நான் குனிந்து தரைப் பலகையைத் தட்டிப் பார்த்தேன்.

அந்தப் பலகை இன்னும் நூறு வருடம் தாங்கும். அதற்குள் நீ வந்துவிடுவாய்.

உன்னவன்