திரும்பி நின்று குடை பிடித்த மாமாவுக்கு

மாமா,

இன்று காலை பட்டாசுக் கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் புளித்த பால் வாடை அடித்தது. பிள்ளை பெற்று இப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். மார்புச் சேலை நனைந்திருந்ததைச் சோற்றுப் பையால் மறைத்துக்கொண்டு வந்தாள்.

"பிள்ளைய யாரு பாக்கா?"

"மாமியாதான்க்கா. புட்டிப்பால் குடுக்காக."

உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

நானும் அப்படித்தான் திரும்பினேன். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்த நேரம். வராவிட்டால் வெடிச்சரம் பின்ன வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று போர்மேன் சொல்லி அனுப்பியிருந்தார். உங்கள் மகன் லோடு லாரியோடு வடக்கே போயிருந்தார். அத்தை என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் மிச்சம் நீங்களும் கைப்பிள்ளையும்தான். அவளோ புட்டியை வாயில் வைத்தாலே துப்பினாள். முதல் நாள் வேலை முடிந்து நான் வந்தபோது, அழுது அழுது தொண்டை கட்டி, என்னைக் கண்டும் சத்தம் வராமல் விக்கினாள்.

நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "நாளைக்கு மத்தியானம் பிள்ளைய கம்பெனிக்குக் கொண்டாறேன் தாயி."

"வெயில்ல அம்புட்டு தூரம் எதுக்கு மாமா? ஊரு சிரிக்கும்" என்றேன்.

"உங்க அத்த தீப்பெட்டி ஆபீசுக்குப் போனப்ப நானும் அப்பிடித்தான் நெனச்சேன். மூத்தது சீனித்தண்ணியிலயே கெடந்து போயிருச்சு."

உங்கள் மகனுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதைப் பற்றி நீங்கள் மறுபடி பேசவே இல்லை.

மறுநாள் சோற்று மணி அடித்ததும் கம்பெனி கேட்டுக்கு ஓடி வந்தேன். ஏழாயிரம்பண்ணை பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வழியே நடந்து வந்து நின்றிருந்தீர்கள். துண்டில் சுற்றிய பிள்ளை தோளில் கிடந்தது. கையில் தண்ணீர்க் கேனும் சோப்பும், நான் போர்த்திக்கொள்ள அத்தையின் சேலை ஒன்றும். "வெடிமருந்துக் கையோட தொட்டுறாத. முழங்கை வரைக்கும் கழுவு" என்றீர்கள். நான் உட்கார்ந்ததும் குடையை விரித்து என் பக்கம் சாய்த்துப் பிடித்து, நீங்கள் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள்.

போர்மேன் பார்த்துவிட்டார். "பெரியவரே, பிள்ளையோட இங்கன நிக்கக் கூடாது. சோதனைக்கு ஆபீசர் வந்தா கம்பெனியவே பூட்டிருவாக."

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கேன்யா. அது கம்பெனி எடம் இல்லேல்ல?"

அவர் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எதிர்ப்பக்கத்துச் சீமைக்கருவேல மரம்தான் நமக்கு இடம். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். "மாமனாரு குடை பிடிக்காரு, மருமக மகாராணிதான்!" உங்கள் காதிலும் அது விழுந்திருக்கும். குடை அசையவில்லை.

பிள்ளைக்குக் கொடுத்தபடியே நானும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். மாமனாரோடு வாய் விட்டுப் பேசிப் பழக்கமில்லை. கிடைத்த நேரம் பிள்ளைக்கே போதவில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். இப்போது நினைத்தால் இரண்டுமே சமாதானமாக இல்லை.

அவள் நடக்கத் தொடங்கி, தானாகவே பால் மறக்கும் வரைக்கும் வந்தீர்கள். அடுத்த சீசனில் படுத்துவிட்டீர்கள். சளி என்றார்கள், பிறகு இருதயம் என்றார்கள்.

அந்தக் கடைசி நாள் காலையில் உங்களுக்கு மூச்சு இரைத்தது. வேன் வந்து ஹாரன் அடித்தும் நான் போகாமல் நின்றேன். "போ தாயி. சீசன் நேரத்துல நின்னா ஏசுவாக. அதான் எம்மவன் இருக்கான்ல" என்றீர்கள். போனேன்.

அன்றைக்குப் பார்த்து என்னை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்போனை அணைத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். என்னைக் கூப்பிட வீட்டிலிருந்து வந்த ஆள் பழைய கேட்டில் கேட்டு, இல்லை என்றதும் திரும்பியிருக்கிறார். சாயங்காலம் போனை வாங்கித் திறந்த உடனே மணி அடித்தது.

"காலையில இருந்து போடுறேன்" என்றார் உங்கள் மகன். அப்படியே அழுதார்.

நான் வீடு வந்தபோது உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். உங்கள் பேத்தி ஒன்றும் புரியாமல் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் முகம் அவளுக்கு நினைவில்லை. உங்களைப் பற்றி நான்தான் சொல்லி வளர்க்கிறேன்.

அன்று வேனில் ஏறாமல் இருந்திருக்கலாம். நான் இருந்திருந்தாலும் போகிற உயிரைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியாது, தெரியும். மூச்சு அடங்கும் நேரத்தில் உங்கள் வாயில் உங்கள் மகன் பால் ஊற்றினாராம். பேத்தியின் பிஞ்சுக் கையைப் பிடித்து அவளையும் ஊற்ற வைத்தாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட ஊற்றியிருக்கிறார்கள்.

நான் மட்டும் ஊற்றவில்லை, மாமா.