தறிக்குழியில் உண்ணி

ஜூன் 5

எங்கள் நாய் பக்கோடாவின் காதுக்குள் மறுபடியும் உண்ணி. போன வாரம்தான் குளிப்பாட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேன். சனியன்கள்! ஆமணக்கு விதை மாதிரி உப்பிக்கொண்டு தொங்குகின்றன. இந்த நாய்க்கோ வெயில் ஆகாது. நான் நெய்ய உட்கார்ந்தால், தறிக்கு அடியில் கால் விட்டுக்கொள்ளும் தறிக்குழிக்குள் இறங்கி என் காலடியில் சுருண்டுகொள்ளும். மிதிக்கட்டையை மிதிக்கவே இடம் இருக்காது.

ஜூன் 8

மகள் துர்கா அதை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வந்து பொரிந்து தள்ளினாள்: "நாய் மேல இருக்கறது கொஞ்சம்தாம்மா. மீதியெல்லாம் வீட்லதான் இருக்குது. ரத்தம் குடிச்சிட்டுக் கீழ விழுந்து, சுவர் வெடிப்புல ஆயிரக்கணக்குல முட்ட போடுதாம். குழிக்கு மருந்து அடிச்சே ஆவணும்."

தறியில் இருப்பது அவளுடைய முகூர்த்தப் புடவை. ஒரு துளி தெறித்தாலும் பட்டில் கறைதான். நெய்து முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்தபிறகு அடிக்கலாம் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 15

பக்கோடாவை வாசலில் கட்டினேன். கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு அதற்கு. மனசு கேட்கவில்லை, அவிழ்த்துவிட்டேன். நேராகக் குழிக்குள்.

ஜூன் 22

சோற்றை மோந்து பார்ப்பதோடு சரி. உடம்பு கொதிக்கிறது, ஈறு வெளுத்துவிட்டது. உண்ணிக் காய்ச்சலாம், மாட்டாஸ்பத்திரியில் சொன்னார்கள். கடித்த உண்ணி வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம்.

"பிளாஸ்டிக் ஷீட்டு போத்திட்டு அடிக்கலாம்மா," என்று கெஞ்சினாள் துர்கா.

"முந்தானை மட்டும்தான்டீ பாக்கி," என்றேன். எந்த வாயால் சொன்னேன்?

ஜூன் 26

மூக்கில் ரத்தம்.

ஜூன் 27

போயிடுச்சு. என் காலடியிலேயே. நான் நெய்துக்கினு இருக்கேன், பாவி! கால் பட்டும் நகரவில்லையே என்றுதான் குனிந்தேன்.

துர்கா அழக்கூட இல்லை. "உன் புடவைக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றாள். என் புடவையாம்.

ஜூலை 3

புடவையை அறுத்தேன். ஒரு கறை இல்லை. அவள் பிரித்தே பார்க்கவில்லை. மருந்து அடிக்கவில்லை. இனி யாருக்காக?

ஆகஸ்ட் 30

துர்கா கல்யாணமாகி ஓரிக்கைக்குப் போய் ஒரு வாரம். அந்தப் புடவையைத்தான் கட்டினாள். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

தறியில் அடுத்த புடவைக்கான பாவு நூலை ஏற்றும் முன் டார்ச் அடித்துக் குழியைப் பார்த்தேன். வெடிப்பு ஓரமெல்லாம் கடுகிலும் சின்னதாகக் குஞ்சு உண்ணிகள். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, ஏதாவது உயிர் பக்கத்தில் வராதா என்று நிற்கின்றன. இதுகளின் தாய் குடித்தது பக்கோடாவின் ரத்தம்தானே? மருந்தை அடித்து முடித்தேன்.

பிறகு துர்காவுக்குப் போன் போட்டேன். "குழிக்கு மருந்து அடிச்சிட்டேன்டீ."



"இப்பவாம்மா?" என்றாள்.